வானிலைக்கு மட்டும்

எழுபதுகளின் நடுவில் புதுச்சேரியில் கௌரவமான வீட்டுக்கு ஒரே அடையாளம்தான் இருந்தது. அங்கே குறைந்தது மூன்று ரேடியோக்கள் இருக்க வேண்டும். ஒரே ரேடியோவில் முள்ளைத் திருப்பித் திருப்பி எல்லாவற்றையும் கேட்பவர்களை, பாயசத்தையும் கருவாட்டையும் ஒரே கிண்ணத்தில் சாப்பிடுபவர்களைப் போல ஊர் பார்த்தது.

இந்த நாகரிகத்தைத் தொடங்கிவைத்தவர் ஒலிக்கருவி உபயோக ஆய்வாளர் திரு. தெய்வசிகாமணி. அவர் வீட்டுக் கூடத்தில் நான்கு ரேடியோக்கள் இருந்தன. செய்திக்கு ஒன்று, சினிமாப் பாட்டுக்கு ஒன்று. கச்சேரிக்கு, மாமனார் சைகோனிலிருந்து கொண்டுவந்த மரப்பெட்டி. நான்காவது பாரிஸ் நிலையத்துக்கு. அதில் பேசுவது அவருக்குப் புரியாது. அதனால்தான் அதற்கு மட்டும் சரிகைத் துணி போர்த்தியிருந்தார்.

"செய்தி கேட்ட ரேடியோவில் பாட்டுக் கேட்டால், பாட்டில் விலைவாசி நாறும்" என்பார்.

நாளடைவில் இதுவே உத்தரவானது. இனி ஒவ்வொரு ரேடியோ லைசென்சிலும் உபயோகம் குறிக்கப்பட வேண்டும். குறித்த உபயோகத்தை மீறும் ரேடியோ, பொதுநலன் கருதி, முத்திரையிடப்படும்.

வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் அஞ்சம்மாளிடம் இருந்தது ஒரே ஒரு டிரான்சிஸ்டர். புருஷன் மாரியப்பன் கட்டுமரத்தில் போகிறவன் என்பதால், 'வானிலைக்கு மட்டும்' என்று லைசென்சு எழுதி வாங்கியிருந்தாள். ஐப்பசியில் ஒரு பகல், தெய்வசிகாமணி குப்பத்துக்குள் நுழைந்தபோது அது பாடிக்கொண்டிருந்தது.

"வானிலை ரேடியோ எப்படிம்மா பாடுது?"

"வானிலை சாயங்காலந்தான் சார் சொல்லுவாங்க. அதுவரைக்கும் அது சும்மா குந்திக்கினு இருக்கணுமா?"

அவர் டிரான்சிஸ்டரைத் துணியில் கட்டி அரக்கு வைத்து எடுத்துக்கொண்டார். குப்பத்தின் மற்ற ரேடியோக்கள் போன வாரமே அரக்கு கண்டிருந்தன.

"திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்து மேல்முறையீடு செய்யலாம்."

"விடிஞ்சா அவரு கடலுக்குப் போவாரு சார். காத்து எப்படின்னு யாரு சொல்றது?"

"வானிலைக்கென்று என்னிடம் ரேடியோ இல்லையேம்மா. இருந்தால் நானே கேட்டுச் சொல்வேன்" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

மாலை ஆறரைக்கு அஞ்சம்மாள் அவர் வீட்டு ஜன்னலோரம் போய் நின்றாள். செய்தி முடிந்தது. "அடுத்து, வானிலை..." என்று ஆரம்பித்ததும் அவர் அணைத்துவிட்டார்.

"ஐயா, ஒரு நிமிசம் வையுங்க!"

"செய்தி முடிஞ்சுது. இனிமே வர்றது வேற உபயோகம். என் ரேடியோவுக்கு நானே சீல் வைக்கிறதா?"

அஞ்சம்மாள் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். அங்கே ஆய்வாளரின் மனைவி கமலவேணி, தினமும் இவளிடம் மீன் வாங்குகிறவள், கோதுமை மாவு டின்னுக்குள் காதை வைத்திருந்தாள். உள்ளே உள்ளங்கையளவு ரேடியோ.

"இது எதுக்கும்மா?"

"எல்லாத்துக்கும். சத்தம் போடாத! புயல் வருதாம். உன் வூட்டுக்காரரைப் போக வேணாம்னு சொல்லு, ஓடு."

மாரியப்பன் போகவில்லை. குப்பமே போகவில்லை. மறுநாள் காற்று, கரையில் கிடந்த கட்டுமரங்களைத் தெருவுக்குள் கொண்டுவந்து போட்டது. ஆள் ஒருவருக்கும் ஆபத்தில்லை.

"முத்திரையிடப்பட்ட கருவிகள் எந்தத் தவறான தகவலும் தராமையால் உயிர்ச்சேதம் முற்றிலும் தவிர்க்கப்பட்டது" என்று தெய்வசிகாமணி அறிக்கை அனுப்பினார். பதவி உயர்வு வந்தது. ஐந்தாவதாக ஒரு ரேடியோவும் வந்தது, வானிலைக்கு. அடுத்த வாரமே ஊரும் ஆளுக்கொன்று வாங்கியது.

அஞ்சம்மாளும் வாங்கினாள். அவளிடம் வானிலைக்கு ஏற்கெனவே இருந்ததால், பாட்டுக்கென்று சிவப்பாக ஒன்று. மேல்முறையீட்டில் அரக்கு நீங்கித் திரும்பிவந்த பழையதற்கு உறை தைத்துப் போட்டு, மரியாதையாக மாடத்தில் வைத்தாள்.

கார்த்திகையில் ஒரு மாலை. மாரியப்பன் வலையை எடுத்துத் தோளில் போட்டபோது, சிவப்பு ரேடியோவில் பாட்டு பாதியில் நின்றது. "மீனவர்களுக்கு ஓர் எச்சரிக்கை..." அஞ்சம்மாள் எட்டி அணைத்தாள்.

"ஏண்டி, என்னமோ எச்சரிக்கைன்னானே?"

"அது பாட்டு ரேடியோ. காத்தப் பத்தி அதுக்கு என்னா தெரியும்? நீ போயிட்டு வா."