சாப்பாட்டு மணி பதினொன்று பத்து

பத்து மணிக்கு அடிக்க வேண்டிய டீ மணி ஒன்பதரைக்கே அடித்தது. அட்டைப்பெட்டிக் கம்பெனியின் இருநூறு பேரும் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். டீ மட்டும் வரவில்லை.

கம்ப்யூட்டர்காரன் பதறிப்போய்த் திரையைப் பார்த்தான். எந்த மணி எப்போது அடிக்க வேண்டும் என்ற விவரம் எல்லாம் ஒரு பழைய எக்ஸ்எம்எல் கோப்பில் இருந்தது. புதிதாக வாங்கிய மென்பொருள் துரைக்கு அது ஆகாதாம், ஜேசான் வடிவம்தான் வேண்டுமாம். மூன்று நாள் மாரடித்து வரி வரியாக மாற்றி, இன்று காலையில்தான் ஏற்றியிருந்தான்.

அவனுடைய ஆறு மாதத் தற்காலிக வேலையும் இன்றோடு முடிகிறது. நிரந்தர உத்தரவு கைக்கு வந்தால்தான் பார்த்து வைத்த வாடகை வீடு கிடைக்கும். இல்லையென்றால் மாமனார் வீட்டு மாடி அறையே கதி.

"என்னப்பா, மணி ஒரு பக்கம் போகுது, நாம ஒரு பக்கம் போறோம்?" என்றார் முதலாளி.

"சின்ன விஷயம் சார். நேரத்தை மேற்கோள் குறிக்குள்ள போட மறந்துட்டேன். அஞ்சே நிமிஷம்."

போட்டான். பன்னிரண்டரைக்கு அடிக்க வேண்டிய சாப்பாட்டு மணி பதினொன்று பத்துக்கு அடித்தது.

அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, உத்தரவு வந்துச்சா?"

"வரும், வரும்."

"இல்ல, அப்பா கேக்கச் சொன்னாரு. அடுத்த மாசமும் உங்களுக்குச் சேர்த்தே உலை வைக்கணுமான்னு."

ரோஷத்தோடு உட்கார்ந்து தேடினான். ஓர் அடைப்புக்குறி இடம் மாறி, சனிக்கிழமை அரைநாள் கணக்கு இன்றைக்கு வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. "மாட்டினியா!" என்று கத்திவிட்டு அதைச் சரிசெய்தான்.

மறு நிமிடம் வேலை மணி அடித்தது. சோற்றில் கை வைத்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கையைக் கழுவிக்கொண்டே பேக்கிங் அக்கா எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, உங்களுக்கு எங்க மேல என்ன கோவம்?"

முதலாளியும் வந்து நின்றார். "உத்தரவு மேஜையில இருக்கு. பேனாவும் இருக்கு. கைதான் வரமாட்டேங்குது."

சாமி, ஆளை விடு! ஜேசானை அழித்துப் பழைய கோப்பையே ஏற்றினான். அப்போதும் மனசு கேட்கவில்லை. கம்ப்யூட்டரின் பிளக்கையே பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான்.

இரண்டு மணிக்கு வீட்டு மணி கணீரென்று அடித்தது.

பிளக் அவன் கையில்தான் இருந்தது. இருநூறு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வீட்டு மணி அடித்த பிறகு கடிகாரம் பார்க்க அவர்களுக்கு என்ன பைத்தியமா?

அவனும் முதலாளியும் விழுந்தடித்து வாசலுக்கு ஓடினார்கள். அங்கே மணிப் பெட்டிக்கு அடியில், சுவிட்சில் வைத்த விரலை எடுக்காமல் காவலாளி உட்கார்ந்திருந்தார்.

"யோவ், நீயா அடிக்கிற?" என்றார் முதலாளி.

"நான்தான் சார். கம்ப்யூட்டர்லேருந்து வர்ற ஒயரை எலி கடிச்சு நாலு வருஷமாச்சு. அன்னையிலேருந்து கையாலதான். யாரும் கேக்கல, நானும் சொல்லல."

அப்பாடா! கம்ப்யூட்டர்காரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அண்ணே, நீங்க நல்லா இருக்கணும்ணே" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டான்.

முதலாளி அவன் தோளைத் தட்டினார். "உன் மேல தப்பே இல்லப்பா. மேல வா, இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

அவன் உடனே மனைவிக்குப் போன் போட்டான். "உலையில ஒரு ஆள் அரிசியைக் குறைச்சுக்கச் சொல்லு. இல்ல, உன்னோடதையும் சேர்த்து ரெண்டு ஆள்!"

முதலாளி காவலாளி பக்கம் திரும்பினார். "நாலு வருஷமா நிமிஷம் தவறாம அடிச்சவன், இன்னிக்கு ஏன்யா இப்படிப் பண்ணின?"

காவலாளி வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்: "கைக்கடிகாரம் ரிப்பேருக்குப் போயிருக்கு சார். அதான், பசிச்சப்ப சாப்பாட்டு மணி, சாப்பிட்டு முடிச்சதும் வேலை மணி, தூக்கம் வந்தப்ப வீட்டு மணி."