பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரவேண்டாம்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கை வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் நலம், குளியலறைக் குழாயும் நலம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை தாங்கள் கருவிப்பெட்டியோடு வரவேண்டிய அவசியமில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

"குழாய் சொட்டுது, அண்ணனைக் கூப்பிடட்டுமா?" என்று தங்கள் தங்கை கேட்டதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் எது பழுதானாலும் உங்கள் பெயர்தான் மச்சான். ஒரே ஒரு தடவையாவது "எங்க வீட்டுக்காரரே பண்ணிட்டார்" என்று அவள் பக்கத்து வீட்டில் சொல்லி நான் கேட்கவேண்டும். அதைவிடப் பெரிய ஆசை, இறுக்கி மூடிய குழாயில் அந்தச் சொட்டு எந்த வழியாகத்தான் வருகிறது என்று பார்ப்பது. குழாய் வாய்க்கு நேரே கண்ணை வைத்துப் பார்த்தேன். கண்ணில்தான் விழுந்தது.

மாடித் தொட்டி வால்வை மூடிவிட்டு (இதை நானே யோசித்தேன், மறக்கவேண்டாம்) ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் தலை கழன்றது, தண்டு வந்தது, தண்டின் அடியில் கறுப்பாக ஒரு ரப்பர் வாஷர், அப்புறம் என்னவோ ஒரு வளையம். அடேயப்பா, இத்தனூண்டு குழாய்க்குள்ள இவ்வளவு சமாசாரமா! எல்லாவற்றையும் துடைத்துக் கிண்ணத்தில் போட்டேன். திரும்ப எதை முதலில் மாட்டுவது என்று மறந்துபோயிற்று. போனால் என்ன, மாதிரி பார்த்து மாட்டலாமே என்று சமையலறைக் குழாயையும் கழற்றினேன். இரண்டும் ஒரே ரகம். அதையும் துடைத்து அதே கிண்ணத்தில் போட்டேன்.

"ஏங்க, அது நல்லாத்தானே இருந்துச்சு?"

"அதனாலதான் கழட்டினேன். கெட்டுப்போனதைப் பார்த்து என்னத்தைக் கத்துக்கறது?"

தலையில் அடித்துக்கொண்டு போனாள். ஆனால் பாருங்கள் மச்சான், இரண்டையும் மாட்டி வால்வைத் திறந்தேன், குளியலறையில் ஒரு சொட்டு? மூச்! புதிதாக எதுவும் வாங்கவில்லை, வெறுமனே துணியால் துடைத்ததற்கே நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதுதான் மண்டையைக் குடைகிறது. அவளும் வாயெல்லாம் பல்லாகப் பக்கத்து வீட்டுக்குப் போய், நான் ஆசைப்பட்டதை அப்படியே சொல்லிவிட்டாள். சுவரில் காதை வைத்துக் கேட்டேன், தப்பாக நினைக்காதீர்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். ஞாயிறன்று நன்றாகத் தூங்கவும்.

இப்படிக்கு,
மகிழ்ச்சியில் இருக்கும்
தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: ஏன் நின்றது என்று புரிந்துவிட்டது. இப்போது சமையலறைக் குழாய் சொட்டுகிறது. தேய்ந்த வாஷர் அங்கே குடிபோய்விட்டது. தங்கள் தங்கை கத்தப்போகிறாள் என்று கதவோரம் ஒதுங்கி நின்றேன். அவளோ குழாயையே உற்றுப் பார்த்துவிட்டு, "உள்ள அப்படி என்னதாங்க இருக்கு? அந்த ஸ்பேனரைக் குடுங்க" என்றாள். வால்வை மூடிவிட்டுக் குளியலறைக் குழாயையும், மாதிரிக்கு வேண்டுமென்று கைகழுவும் குழாயையும் கழற்றியது அவள்தான். மூன்றும் இப்போது ஒரே கிண்ணத்தில். ஞாயிறு கட்டாயம் வரவும், பெட்டியோடு வரவும், ஒரு குடம் தண்ணீரோடும் வரவும். யார் கழற்றியது என்று கேட்டால், "எங்க வீட்டுக்காரரே பண்ணிட்டார்" என்பாள். நம்பவேண்டாம்.