ஒப்பாரியில் என் பெயர்

சிலிபின், ஈப்போ
14.6.1983

அன்பிற்குரிய மச்சான் சீனி அவர்களுக்கு, பத்துமலை வணக்கத்துடன் எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். உங்கள் ஊர் ஹுத்தான் மெலிந்தாங் வரை வேறு செய்தி வந்திருந்தால் நம்பவேண்டாம்.

எல்லாம் உங்கள் மருமகன் ஜெயபாலனால் வந்தது. வேலையை விட்டுவிட்டுக் கித்தாரும் கையுமாகக் கேசட் போடுகிறான். அதில் சொந்தப் பாட்டு ஒன்றுகூட இல்லை, எல்லாம் ஊரான் பாட்டு. கேட்டால், "இது ரூட்ஸ் ராக்லா, அப்பா. அடுத்தவங்க பாட்ட நம்ம மாதிரி பாடுறது" என்கிறான். அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டு படம் எடுப்பதற்கு இவ்வளவு பெருமை! வெள்ளைக்காரன் பாட்டெல்லாம் முடிந்ததும் ரப்பர் தோட்டத்துப் பாட்டு வேண்டுமென்று செமோரிலிருந்து என் தங்கை இருளாயியைக் கூட்டிவந்தான். அவளுக்குத் தெரிந்தது ஒப்பாரி. "செத்த ஆளு பேரு இல்லாம எப்படிடா அழுவுறது? உங்கப்பன் பேர வச்சுக்குவோம், சும்மாதான உக்காந்திருக்கு" என்று சொல்லி, நான் தோட்டத்தில் ரப்பர் பால் எடை போட்டதையும் சேர்த்து, "பால் நிறுத்த கையிலே பாவமில்லா ராசாவே, பத்துமலை அண்ணாவே" என்று மார்பில் அடித்துக்கொண்டு பாடிவிட்டாள். இவனும் கித்தாரை வைத்து இழுத்திருக்கிறான்.

மாதிரிக்குப் பதிந்த அந்தக் கேசட்டை முச்சந்தி முடிவெட்டும் கடையில் சத்தமாகப் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான், தெருவே திரண்டு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு கஸ்பார் வேலைக்கு லீவு போட்டு, மலர் வளையத்தோடு வந்து கதவைத் தட்டினார். இடுப்பில் கட்டிய சாரத்தோடு போய்த் திறந்தவன் நான்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்க, "அண்ணே, எப்பண்ணே எடுக்கிறாங்க?" என்று என்னிடமே கேட்கிறார்! உள்ளே உங்கள் தங்கை மங்களம் கத்தரிக்காய் நறுக்கியபடி அந்தப் பாட்டைக் கேட்டு அழுதுகொண்டிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

அடுத்த வாரம் கேசட் கடைகளுக்குப் போகிறது. போனால் பேராக் மாநிலம் முழுக்க எனக்குக் கருமாதிதான். தாய்மாமன் சொன்னால் அவன் கேட்பான். உடனே வந்து அந்தப் பாட்டைக் கேசட்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் உரித்தாகுக.

இப்படிக்கு,
உயிருள்ள பத்துமலை

பி.கு.: உறை ஒட்டும் நேரத்தில் மங்களம் இதைப் படித்துவிட்டாள். "அந்தப் பாட்டையும் எடுத்துட்டா, உங்கள நல்லவருன்னு சொல்ல வேற யாரு இருக்கா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நானும் ரொம்ப நேரம் யோசித்துப் பார்த்தேன், ஒருவர்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. நீங்கள் வாருங்கள் மச்சான். அதை முதல் பாட்டாக வைக்கச் சொல்லுங்கள்.