போர்ச் சுவரொட்டிகளும் ஒரு வாளி தண்ணீரும்

சிவகாசி,
அச்சகத்திலிருந்து,
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை காலை.

பாசமுள்ள பாண்டிலட்சுமி அக்காவுக்குத் தம்பி வெள்ளைத்துரை வணங்கி எழுதுவது.

காரியாபட்டியில் நீங்களும் அத்தானும் குறைவின்றி இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே அனைவரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் வீட்டுப் பக்கமே போகவில்லை. ஆகையால் அங்கே யார் யார் சுகம் என்று எனக்குத் தெரியாது. நான் சுகம். அச்சகத்தில் பேப்பர் கட்டுகளை வரிசையாகப் போட்டு அதன் மேல் படுத்துக்கொள்கிறேன். வழவழப்பான ஆர்ட் பேப்பர் என்றால் பாதித் தூக்கத்தில் வழுக்கிக் கீழே தள்ளிவிடுகிறது. சாதாரணப் பேப்பர் பரவாயில்லை, இடுப்புக்கும் இதமாக இருக்கிறது.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். உங்கள் நம்பருக்குப் போட்டால் அத்தான்தான் எடுக்கிறார். எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். உரக்கடையில் யூரியா வாங்க நிற்கிற அத்தனை பேரும் என் குடும்ப விஷயத்தைக் கேட்டுவிட்டு, மூட்டையைத் தூக்கும்போது எனக்காக வருத்தப்படுகிறார்கள். தவிரவும் என் போனை நான் செவ்வாய்க்கிழமையே அணைத்துவிட்டேன். காரணத்தைக் கீழே எழுதுகிறேன். இந்தக் கடிதம் மதுரைக்குப் போகிற நம் லோடு வேனில் வருகிறது. டிரைவருக்கு ஒரு வாய் காபி கொடுத்து அனுப்புங்கள்.

என் மகள், உங்கள் மருமகள் ரோஷினி சரித்திரம் படித்துவிட்டுப் பல வருஷமாகத் தற்காலிக வேலையிலேயே ஊர் ஊராக அலைவது உங்களுக்குத் தெரியும். விருதுநகரில் ஒரு கல்லூரியில் நிரந்தர வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஆனால் அங்கே நேர்முகத்தோடு விடமாட்டார்களாம். பிள்ளைகள் முன்னால் ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும், தேர்வுக்குழு பின்னால் உட்கார்ந்து பார்க்குமாம். இவள் யோசித்து யோசித்து, இரண்டு உலகப்போர் காலத்திலும் பல நாட்டு அரசாங்கங்கள் ஒட்டிய பிரச்சாரப் போஸ்டர்களைச் சேர்த்து ஒரு ஸ்லைடு ஷோ தயார் செய்தாள். இங்கிலாந்து, அமெரிக்கா, ரஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான் என்று ஒரு நாட்டையும் விடவில்லை. நம் ஊர் ஆட்களைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்ட வெள்ளைக்காரன் காலத்துப் போஸ்டர்கூட இருந்தது. சும்மா இருந்திருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும், அக்கா. நான் எட்டிப் பார்த்தேன்.

பட்டாசு டப்பாவுக்கு லேபிள் அச்சடித்தே தலை நரைத்தவன் நான். ஒரு படத்தைப் பார்த்தால் அது கடைவீதியில் எத்தனை அடி தூரத்தில் நிற்பவனை இழுக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் போஸ்டர்களைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது.

"கலரு மங்கலா இருக்கே தாயி" என்றேன்.

"நூறு வருஷத்துக்கு முந்தினது. மங்கலாத்தாம்ப்பா இருக்கும்."

"மங்கலா இருந்தா எவன் பட்டாளத்துல சேருவான்? அந்த ஓரத்துல ஒரு கிளியைப் போட்டுப் பாரு. இல்லன்னா சிரிக்கிற பிள்ளை ஒண்ணு."

"இது தீபாவளி டப்பா இல்லப்பா" என்றாள். அப்புறம் எனக்காகவே ஒவ்வொரு படமாகக் காட்டினாள். இங்கிலாந்தில் ஒரு மீசைக்காரர் நம்மைப் பார்த்து விரலை நீட்டுகிறார். அமெரிக்காவில் ஒரு தாடிக்காரர் தொப்பி போட்டுக்கொண்டு அதே விரலை நீட்டுகிறார். பிரான்சில் தங்கக் காசுக்குள்ளிருந்து ஒரு சேவல் பாய்ந்து ஜெர்மன் சிப்பாயை அமுக்குகிறது. ரஷ்யாவில் சிவப்பு முக்காடு போட்ட ஓர் அம்மா கையைத் தூக்கிப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறாள். "ஒருத்தரை ஒருத்தர் கொல்லப்போனவுக எல்லாரும் ஒரே மாதிரி போஸ்டர் ஒட்டிருக்காகப்பா. படத்தை மாத்தி வச்சாலும் தெரியாது. அதைத்தான் வகுப்புல சொல்லப்போறேன்" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரே படத்தைக் கலர் மாற்றி நாலு கம்பெனிக்குக் கொடுப்பதுதானே நம் பிழைப்பு. உலக நாடுகளும் அப்படித்தான் நடந்திருக்கின்றன என்று தெரிந்ததும், கிளி வேண்டாம், கலரை மட்டுமாவது தூக்கித் தருகிறேன் என்று பென்டிரைவைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். அவள் தயங்கித்தான் கொடுத்தாள்.

நம் அச்சகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிற மாரிக்கண்ணனை உங்களுக்குத் தெரியும், போன பொங்கலுக்கு உங்கள் வீட்டுக்குக் காலண்டர் கொண்டுவந்தவன். கலர் சரிதானா என்று பார்க்க அவன் சில படங்களை அச்சடித்துச் சுவரில் ஒட்டினான். அந்த நேரம் பார்த்து ஏழாயிரம்பண்ணை கனகசபாபதி அண்ணாச்சி தன் கம்பெனி வெடிக்கு லேபிள் ஆர்டர் கொடுக்க வந்தார். நான் காட்டிய லேபிள் ஒன்றையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு இந்த மீசைக்காரரு?"

"அவரு இங்கிலாந்துத் தளபதி அண்ணாச்சி. அது நம்ம பிள்ளையோட பாடத்துக்கு."

"நம்ம அணுகுண்டுக்கு இவரைப் போடுங்க. வெடிக்கலன்னாக்கூட ஆளைப் பாத்தே பயப்படுவாக. அந்தச் சேவலைச் சக்கரத்துக்குப் போடுங்க. முக்காடு போட்ட அம்மாவைப் புஸ்வாணத்துக்கு வைங்க, கையைத் தூக்கிக்கிட்டு நிக்காக, பொருத்தமா இருக்கும்."

அதெல்லாம் சரித்திரம், போரில் லட்சக்கணக்கில் செத்திருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "செத்தவுக இவுக இல்லையே, கூப்பிட்டவுகதானே" என்றார். அவரைச் சமாதானப்படுத்தி, மீசையில்லாத ஒரு சிங்கத்தை ஒப்புக்கொள்ள வைத்து அனுப்புவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் காலை வகுப்பு. சீசன் நேரம் வேறு, மாரிக்கண்ணன் தலைக்கு மேல் லேபிள் வேலை. அவன் என்ன செய்தான் என்றால், போஸ்டர்கள் எல்லாவற்றையும் மொத்தமாக அள்ளி, நம் பட்டாசு லேபிளுக்குக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிற அதே ஏற்பாட்டுக்குள் தள்ளிவிட்டான். படத்தை உள்ளே விட்டால் போதும், அது தானாகவே கலரைத் தூக்கி, ஓரத்தை வெட்டி, அடியில் மஞ்சள் பட்டை போட்டுப் படத்துக்கு ஒன்றாகப் பாதுகாப்பு வாசகத்தையும் சேர்த்து வெளியே அனுப்பிவிடும்.

பார்க்கவில்லையா என்று கேட்காதீர்கள் அக்கா. ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். சிவப்பு சரியா, மஞ்சள் சரியா என்று கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். ஆனால் அந்த வாசகம் இல்லாத படத்தை நான் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து பார்த்ததில்லை. இல்லாமல் இருந்திருந்தால்தான் என் கண்ணில் பட்டிருக்கும். காலையில் பஸ்சில் ரோஷினி, "ஒரு தடவை பாத்துரட்டுமாப்பா?" என்று கேட்டாள். "நானே பாத்துட்டேன் தாயி, நீ குறிப்பைப் படி" என்றேன். அப்படியும் சொல்லிவிட்டேன்.

கல்லூரியில் திரை உள்ள அறை. குளிர்சாதன அறை என்பதால் செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். பிள்ளைகள் நிறைய. தேர்வுக்குழுவின் தலைவர் கட்டம்போட்ட சட்டையில் மூக்குக்கண்ணாடியோடு, வாழ்நாளில் சிரித்தே இராதவர்போல உட்கார்ந்திருந்தார். நான் ஒரு மூலையில் இடம் பிடித்தேன். விளக்கை அணைத்தார்கள். ரோஷினி திரைக்கு முதுகைக் காட்டி, பிள்ளைகளைப் பார்த்து நின்று பேச ஆரம்பித்தாள். மீசைக்காரர் பளிச்சென்று வந்தார். என்ன கலர் அக்கா, அவர் உயிரோடு இருந்தபோதுகூட அப்படி இருந்திருக்க மாட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் நீட்டிய விரலுக்கு நேர் கீழே மஞ்சள் பட்டையில் எழுதியிருந்தது: 'பெரியவர்கள் மேற்பார்வையில் மட்டும் பயன்படுத்தவும்.'

முன்வரிசையில் ஒரு பிள்ளை வாயைப் பொத்தியது. ரோஷினி தன் முகத்தில்தான் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுத்து அமெரிக்கத் தாடிக்காரர் வந்தார். 'பற்றவைத்ததும் உடனே விலகி நிற்கவும்.' ரஷ்ய அம்மா வந்தாள். 'அருகில் ஒரு வாளி தண்ணீர் வைத்துக்கொள்ளவும்.' அதற்கடுத்தது இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி ஒட்டியது. 'ஒருமுறை வெடித்து அணைந்ததை மறுபடியும் பற்றவைக்காதீர்கள்.' அதை ஒரு பிள்ளை சத்தமாகவே வாசித்துவிட்டது. அறை முழுக்கச் சிரிப்பு. கட்டம்போட்ட சட்டைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. படித்த மனுஷருக்கு இவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. ரோஷினி மெதுவாகத் திரையின் பக்கம் திரும்பினாள்.

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. எழுந்து வெளியே வந்தேன். வாசலில் கிடந்த செருப்பில் ஏதோ ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, சிவகாசி பஸ்சில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது பெண்பிள்ளை செருப்பு என்று தெரிந்தது. பூ வைத்திருந்தது. கண்டக்டர் அதைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் டிக்கெட் கிழித்தார். நல்ல மனுஷர். பஸ் கிளம்பும்போது ரோஷினியிடமிருந்து ஒரு செய்தி வந்தது: 'அப்பா எங்க இருக்கீக?' அவ்வளவுதான். போனை அணைத்தவன் அணைத்தவன்தான்.

நேற்று மாற்றுவேட்டி எடுத்துவர மாரிக்கண்ணனை வீட்டுக்கு அனுப்பினேன். திரும்பி வந்தவன் முகம் வெளுத்திருந்தது.

"ரோஷினி அக்கா ஒரு வார்த்தை பேசல அண்ணாச்சி. நானா 'வகுப்பு எப்படிக்கா போச்சு'ன்னு கேட்டேன். என்னையே பாத்தாக. பாத்துட்டு, கையைக் கொண்டுபோய் இப்படிக் காட்டுனாக" என்று சொல்லித் தன் கழுத்தின் குறுக்கே விரலால் ஒரு கோடு இழுத்தான்.

"யாருக்குன்னு கேட்டியா?"

"கேக்கல அண்ணாச்சி. வேட்டியை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

ஆகையால் அக்கா, ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்சுக்கே நீங்கள் புறப்பட்டு வர வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இந்த வேலை எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். ஊர் ஊராக அலைந்து, வாடகை அறையில் சமைத்துச் சாப்பிட்டு, இளைத்துப் போய்விட்டாள். அதை நானே கெடுத்துவிட்டேன். நான் பேசினால் எதிர்த்துப் பேசுவாள், நீங்கள் பேசினால் கேட்பாள், சின்னதிலிருந்து அத்தை சொல்தான் அவளுக்கு வேதம். முதலில் என் மனைவி பாலம்மாளைச் சரிக்கட்டுங்கள். அவளும் இத்தனை நாளாக என்ன ஏது என்று வந்து பார்க்கவில்லை, அவளும் மகள் கட்சிதான். நீங்கள் வந்து, போகலாம் என்று கைகாட்டினால் நான் பின்வாசல் வழியாக வந்துவிடுவேன்.

அத்தானின் முட்டி வலி இறங்கவும், பருத்தி நல்ல விலைக்குப் போகவும், உங்கள் வாசல் எந்நாளும் ஆள் வந்துபோகிற வாசலாக இருக்கவும் அம்மன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
வீடிருந்தும் பேப்பர் கட்டில் படுத்திருக்கும் தம்பி,
வெள்ளைத்துரை.

பின்குறிப்பு: வேனில் லோடு ஏற்றத் தாமதமானதால் உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே உள்ளதை அத்தானுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். நீங்களும் மறந்துவிடுங்கள். இப்போதுதான் பாலம்மாள் தூக்குவாளியில் இட்லியோடு வந்தாள். "என்ன நடந்துச்சுன்னு பாக்காமலே ஓடிவந்துட்டீகளாமே. இன்னும் எம்புட்டு நாளைக்கு இங்கன கிடப்பீகன்னு பாக்கத்தான் நானும் வரல" என்றாள். நடந்தது இதுதானாம். ரோஷினி திரும்பித் திரையை வாசித்துவிட்டு அவளும் சிரித்திருக்கிறாள். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "பத்து ரூவா வெடிக்கு இம்புட்டு எச்சரிக்கை போடுறோம். ஒரு நாடாவது போருக்கு இப்படி ஒரு வரி போட்டுச்சா? ஏன் போடல?" என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான், மணி அடித்தும் ஒரு பிள்ளை எழுந்திருக்கவில்லையாம். ஆலங்குளத்துப் பிள்ளை ஒன்று எழுந்து நின்று, பட்டாளத்தில் செத்துப்போன தன் பெரியப்பாவைப் பற்றிப் பேசியதாம். அடுத்த வகுப்புப் பிள்ளைகளும் வந்து கேட்க, அவர்களுக்கும் முதலிலிருந்து எடுத்திருக்கிறாள். கட்டம்போட்ட சட்டைக்காரர் கைக்குட்டைக்குள் அழுகிற அளவுக்குச் சிரித்திருக்கிறார். மறுநாளே வேலை உத்தரவு வந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் கத்தியதில் ரோஷினிக்குத் தொண்டை சுத்தமாகக் கட்டிக்கொண்டது. வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதைத்தான் மாரிக்கண்ணனிடம் கழுத்தைக் காட்டிச் சொல்லியிருக்கிறாள், கழுதை அவன் கோடு இழுத்துவிட்டான்.

ஆகையால் சமாதானம் பேச நீங்கள் வர வேண்டாம், சாப்பிட வாருங்கள். பாலம்மாள் இட்லியோடு ஒரு சீட்டையும் கொடுத்தாள். ரோஷினி கையெழுத்து: 'வீட்டுக்கு வாங்கப்பா. இன்னும் ஒரு வாரத்துக்கு என்னால எதிர்த்துப் பேச முடியாது.' முன்வாசல் வழியாகவே போகிறேன்.