ஆம்பூர் ஆழ்கடல் பாய்மரப் படகுச் சங்கம்

உலகப் பாய்மரப் படகுப் பந்தய வரலாற்றில் ஆம்பூருக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை. நாகரிக உலகத்துக்கே இது இழுக்கு. ஊரில் கடல் இல்லை என்பார்கள். பாலாற்றில் தண்ணீரே இல்லை என்பார்கள். இதெல்லாம் சில்லறைக் காரணங்கள். படகு விடுவதற்குத் தண்ணீர் ஒரு பொருட்டா?

எங்கள் தெருமுனைத் தோல் கம்பெனி முதலாளி ஜெயசீலன் அவர்களுக்கு அது பொருட்டாக இல்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் அவரைப் படகில் ஏற்றி அரை மணி நேரம் கடல் காட்டினாராம். ஊர் திரும்பியவுடன் சங்கம் பிறந்தது. சென்னையிலிருந்து ஒரு பழைய படகு லாரியில் படுத்துக்கொண்டே வந்து சேர்ந்தது. கம்பெனி வளாகத்தில் தண்ணீர் உள்ள ஒரே இடம் கழிவுத் தொட்டி. எனவே அதை ஒட்டிய பள்ளத்தில் இரும்புக் கால்கள் நட்டுப் படகை நிறுத்தினார்கள். படகு எப்போதும் நீரின் வாசனையிலேயே இருக்க வேண்டுமாம். வாசனைக்கு எங்கள் தெருவே சாட்சி.

நான் அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவள் அல்ல. எங்கள் மொட்டைமாடி அவர்கள் மதில்சுவரைவிட உயரமாக அமைந்துவிட்டது. துணி காய்ந்ததா என்று அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

சங்கத்தின் பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பாராட்ட வார்த்தை போதாது. 1979-ல் இங்கிலாந்துப் பக்கம் நடந்த நெடுந்தூரப் பந்தயத்தில் புயலடித்துப் பதினைந்து பந்தயக்காரர்கள் இறந்தார்கள். விசாரணை வைத்தார்கள், விதிகளை இறுக்கினார்கள். அந்த உன்னத மரபைப் பின்பற்றி, எங்கள் சங்கப் படகில் ஏறும் எவரும் இடுப்பு பெல்ட், மிதவைச் சட்டை, விசில் மூன்றும் அணிந்தாக வேண்டும். படகு நகராதுதான். விதி என்றால் விதி. உறுப்பினர் எழுவருக்கும் சிறப்பு விருந்தினருக்குமாக எட்டு செட், ஆபீஸ் கண்ணாடி பீரோவில் பளபளவென்று தொங்கின.

போன டிசம்பரில் ஆண்டு விழா. அன்று காலை பார்த்துக் கழிவுத் தொட்டியின் குழாய் அடைத்துக்கொண்டது. மேனேஜர் ஆதிகேசவன், கம்பெனித் தொழிலாளி புகழேந்தியைக் கூப்பிட்டு உள்ளே இறங்கி அடைப்பைக் குத்திவிடச் சொன்னார். புகழேந்தி லுங்கியை மடித்துக் கட்டினான். அவன் மனைவி செண்பகத்துக்கும் அங்கேதான் வேலை, தோல் உலர்த்தும் இடத்தில். சேதி காதில் விழுந்ததும் ஓடிவந்தாள்.

"சார், போன வருஷம் பக்கத்து கம்பெனில இறங்குனவன் ஏறவே இல்ல. லாரி வெச்சு உறிஞ்சிக்கலாம் இல்ல?"

"லாரிக்கு மூணு நாள் முன்னாடி சொல்லணும்மா."

"அப்போ பீரோவுல தொங்குதே, அந்த பெல்ட்ல ஒண்ணு குடுங்க. கட்டினு இறங்கட்டும். மயக்கம் வந்தா மேல இழுத்துப்போம்."

ஆதிகேசவன் திடுக்கிட்டார். "அது கடல் பெல்ட்டும்மா! உப்புத் தண்ணிக்குன்னே செஞ்சது."

"இதுலயும் உப்புதான் சார். தோலு ஊறுன உப்பு. கடல விட ஜாஸ்தி."

"அலை இருக்குதா இதுல?"

"இல்ல."

"பாத்தியா? அலை இல்லாத தண்ணி எங்க சங்கத்து வரம்புக்குள்ளயே வராது."

இந்த ஆழ்ந்த விவாதத்தின் நடுவே, வெள்ளைப் பேன்ட்டில் தலைவர் ஜெயசீலன் வந்தார். விஷயத்தைக் கேட்டார். கோபப்படவில்லை. பெரிய மனிதர்கள் கோபப்பட மாட்டார்கள், வரலாறு சொல்வார்கள்.

"செண்பகம், 1866-ல இதே டிசம்பர் மாசம். நியூயார்க்குல மூணு பணக்காரங்க பந்தயம் கட்டினாங்க, யாரு படகு மொதல்ல இங்கிலாந்து போவுதுன்னு. குளிர்காலத்துல அந்தப் பெருங்கடல்! வழியில ஆறு பேர அலை அடிச்சினு போச்சு. ஆனா பந்தயம் நிக்கல. அதாம்மா தைரியம்."

"அந்த மூணு பேர்ல யாருனா செத்தாங்களா மொதலாளி?"

"சேச்சே! அவங்கள்ல ரெண்டு பேரு படகுலயே ஏறல. ஊர்லயே இருந்தாங்க."

"அப்போ செத்த ஆறு பேரு?"

"அவங்க வேலைக்காரங்க."

"பேரு இன்னா?"

தலைவர் யோசித்தார். பந்தயம் கட்டிய மூவர் பெயரையும் சரளமாகச் சொன்னார், படகுகளின் பெயரையும் சொன்னார். அந்த ஆறு பேர் விஷயத்தில் மட்டும் வரலாறு அவருக்குக் கைகொடுக்கவில்லை.

செண்பகம் நேராகப் போய்த் தொட்டி மூடிமேல் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். "பெல்ட்டு வராம இந்த மூடி தொறக்காது."

"ஏய், எழுந்திரு. மானம் போவுது," என்றான் புகழேந்தி.

"போவட்டும். நீ போவாம இரு."

விழாவை ஒரு பெண்ணுக்காக நிறுத்த முடியுமா? குடியாத்தத்திலிருந்து லுங்கி மொத்த வியாபாரி சுந்தரமூர்த்தி சிறப்பு விருந்தினராக வந்துவிட்டார். பிரியாணி அண்டா இறங்கிவிட்டது. எண்மரும் பெல்ட் இறுக்கி, சட்டை மாட்டி, ஏணி வைத்துப் படகில் ஏறினார்கள். ஏற்றுமதி ஆர்டர் அவசரம் என்பதால் தோல் பதனிடும் டிரம்களும் சுற்றிக்கொண்டே இருந்தன. அவற்றின் தண்ணீர் போக வழியில்லாமல், வரவேற்புரையின் போது வாய்க்காலில் பொங்கி, படகு நின்ற பள்ளத்தில் இறங்கியது.

"இன்னாங்க ஜெயசீலன், கீழ ஈரம் ஏறுது?" என்றார் சுந்தரமூர்த்தி.

"கடல் அனுபவம் சார்!"

சற்று நேரத்தில் ஏணியின் கீழ்ப்படி மறைந்தது. நாற்றம் மேலே ஏறியது. சுந்தரமூர்த்திதான் முதலில் விசில் ஊதினார். பிறகு எட்டு விசிலும் ஊதின. சங்கத்தின் வரலாற்றில் இவ்வளவு ஒற்றுமையை நான் கண்டதில்லை.

"டிரம்ம நிறுத்துங்கடா! ஃபயர் சர்வீஸ கூப்புடு! லாரிய வரச்சொல்லு!" என்று தலைவர் அலறினார். ஆர்டர் அவசரம் அந்த நொடியே தீர்ந்துபோனது. மூன்று நாள் முன்னதாகச் சொல்ல வேண்டிய லாரி, பிரியாணி ஆறுவதற்குள் வந்து நின்றது. முகமூடி போட்ட தீயணைப்பு வீரர்கள், முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்ற படகிலிருந்து, பெல்ட்டில் கயிறு மாட்டி ஒவ்வொருவராகக் கரையேற்றினார்கள். லாரி தொட்டியை உறிஞ்சி முடித்தது. அடைப்பை வெளியிலிருந்தே எடுத்தார்கள். புகழேந்தி இறங்கவேயில்லை.

மறுநாள் செண்பகத்துக்கு மெமோ வந்தது: 'வேலை நேரத்தில் உட்கார்ந்திருந்தது.' எட்டுப் பேருக்கும் வீரப் பதக்கம் வழங்கச் சங்கம் தீர்மானம் போட்டது. கூடவே ஓர் அறிக்கையும் வெளியிட்டது: 'பாதுகாப்பு விதிகள் கண்டிப்புடன் பின்பற்றப்பட்டதால், பெல்ட் அணிந்த எவருக்கும் உயிராபத்து நேரவில்லை.'

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று நானே சாட்சி சொல்வேன். இந்தப் பக்கத்துத் தொட்டிகளில் இதுவரை மூச்சுமுட்டிச் செத்தவர்களில் ஒருவர்கூடப் பெல்ட் அணிந்திருக்கவில்லை. பெல்ட் கேட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.