பல்செட்காரர் வானளந்த படலம்

வாழ்க எங்கள் தலைவன்! பொக்கைவாய்ப் பெரும்பகை முடித்தவன். வாய்பொத்திச் சிரித்தோரை வாய்விட்டுச் சிரிக்கவைத்த வள்ளல். ஒரே வெண்மையில் ஒன்பது வெண்மை காணும் கூர்விழியோன். இரண்டாம் மாடிக் கிழக்குச் சன்னலின் தனிப்பெருங்காவலன். தோய்த்துத் தோய்த்து நிறம் மறந்த பனியனையே கவசமாய்ப் பூண்ட கட்டிளங்காளை (காளைப் பருவம் கடந்து கொஞ்ச காலம் ஆகிறது, அதை இங்கே கிளற வேண்டாம்). தெருவோர் சுருக்கமாகப் பல்செட்காரர் என்றழைக்கும் அம்மாவீரன் விண்ணோடு பொருத வரலாற்றை, கேட்போர் கொட்டாவி விடாதிருக்கும் பொருட்டு, இயன்ற மட்டும் சுருக்கிச் சொல்லப் புகுகிறோம்.

பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வாங்கி, மெழுகு பதித்து, வார்த்து, தேய்த்து, மெருகிட்டுப் பல்லாக்குவது அவன் தொழில். அதில் எல்லாவற்றினும் அரிய கட்டம் நிறம் பொருத்துதல். மாதிரிப் பற்கள் கோத்த பட்டையைக் கையிலேந்தி, சமையலறைச் சன்னலருகே அவன் அமர, எதிரேயிருந்த வெற்றுமனையின் மேலாக இளங்காலைக் கதிர் தவழ்ந்து வந்து அவன் மேசைமேல் விழும். அவ்வொளி ஒன்றே பொய் சொல்லாதது. டியூப்லைட் பொய் சொல்லும். முன்னொரு மழைநாளில் அதை நம்பிச் செய்த முன்பல் ஒன்று தனியாக நீலம் பாய்ந்து நிற்க, அதைப் பூண்ட வங்கி மேலாளர் தம் மகள் கல்யாணப் படங்கள் அத்தனையிலும் வாயை இறுக மூடிக்கொண்டே நின்றார். அந்த ஆல்பத்தை நினைத்தால் எங்கள் தலைவனுக்கு இன்றும் சோறு இறங்காது.

இத்தகு சன்னலுக்கு எதிரேதான், ஒரு நாள், தகரவேலி சூழ்ந்து பகை முளைத்தது. வேலிமேல் வானுயர்ந்த பலகை. பலகைமேல் இருபத்திரண்டு மாடி மாளிகை. மாளிகை முற்றத்தில் கவலையே அறியாத முகங்கொண்ட மாந்தர் நாய்க்குட்டி பிடித்து உலாவினர். 'விரைவில்' என்றது பலகை. தலைவன் சன்னலில் நின்று அதை வாசித்தான், மறுபடியும் வாசித்தான், பிறகு ஆறிப்போன டீயைக் குடித்தான்.

தெரு கொதித்தது. குடியிருப்போர் சங்கத்தின் தலைமையேற்ற மருந்துக்கடைக்காரர், கடைக்கு மேலுள்ள அறையில், இருமல் மருந்துப் பெட்டிகளே ஆசனமாகப் பேரவை கூட்டினார். தூசி வரும் என்றார் ஒருவர். தண்ணீர் வற்றும் என்றார் இன்னொருவர். வண்டி நிறுத்த இடமிராது, மேலிருந்து எவனாவது எச்சில் துப்புவான், நம் வீட்டுக்குள் என்ன நடக்கிறதென்று எட்டிப் பார்ப்பான் என்றெல்லாம் குமுறல்கள் எழுந்தன. எங்கள் தலைவன் எழுந்து வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னபோது மட்டும் அவையோர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுத் தூசிக்குத் திரும்பினர். அது அவன் மனத்தைச் சுட்டது.

அவ்வேளை வாய்திறந்தான் அவன் மைத்துனன், மனைவியின் தம்பி, மேடை அலங்காரத்தில் பேர்போனவன்.

"மாமா, எவ்ளோ உயரம்னு வாயால சொன்னா எவனுக்கும் உறைக்காது. ஒரு பெரிய பலூனை அந்த உயரத்துக்கு ஏத்திக் காட்டுங்க. பாக்கிறவன் வயிறு கலங்கணும்."

அவை அதிர்ந்தது. பலூன் மைத்துனனிடம் இருந்தது, அதை மேலெழுப்பும் வாயுவும் இருந்தது, அவ்வளவு நீளக் கயிறுதான் இல்லை. உடனே வீடுதோறும் கொடிக்கயிறு அவிழ்ந்தது. நீல நைலானும் பச்சை நைலானும், முடிச்சுக்கு மேல் முடிச்சேறிய பழங்கயிறும், பிளாஸ்டிக் உறை கிழிந்த கம்பியும் திறைப்பொருளாக வந்து குவிய, பல்லிடுக்கில் மெழுகு பாய்ச்சிப் பழகிய நுண்விரல்களால் தலைவன் அவற்றை ஒன்றோடொன்று பிணைத்தான். தங்கள் மூன்றடுக்குக் கட்டடத்தின் உயரத்தைக் கயிற்றில் ஏழு முறை அளந்து, போனால் போகட்டும் என்று கொஞ்சம் கூட்டினான். கடைசியாகத் தன் வீட்டுக் கயிற்றை நீட்டிய மனைவி, வாளியில் ஈரத்துணி கிடக்கிறது, சாயங்காலத்துக்குள் கயிறு வீடு வந்து சேரவேண்டும் என்று மட்டும் ஆணையிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை புலர்ந்தது. சூரியன் இன்னும் எழவில்லை. தெரு சாம்பல் நிறத்தில் கிடந்தது. தகரவேலியருகே, கல்யாணப் பந்தலளவு சிவந்த பலூன் பெருமூச்சு விட்டு எழ, கயிற்றின் இப்புறத்தை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு எங்கள் தலைவன் காலூன்றி நின்றான். அந்தோ, காற்று வந்தது! பலூன் கிழக்கே இழுத்தால் அவன் மேற்கே சாய்ந்தான். அது வடக்கே பாய்ந்தால் அவன் பின்னாலேயே ஓடினான். ஒரு செருப்பு சாக்கடையில் வீரமரணம் எய்தியது. பனியன் அக்குளில் கிழிந்தது. மருந்துக்கடை மொட்டைமாடி டிஷ்ஷை இரண்டு சுற்றுச் சுற்றிய கயிற்றை விடுவிக்க அவன் படியேறி ஓடிய ஓட்டத்தையும், திரும்பி வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்ற கோலத்தையும், அப்போதும் கயிற்றை விடாத அவன் பிடிவாதத்தையும் விவரிக்க எமக்கு நாவில்லை. ஒருவழியாகக் காற்று சலித்து ஓய, பலூன் முழு உயரமும் ஏறி நிலைகொண்டது.

கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த பிரகடனத்தைத் தலைவன் முழங்கினான்.

"எல்லாரும் மேல பாருங்க! அவ்ளோ உயரம்! அதுதான் நம்ம தலைமேல வந்து நிக்கப்போகுது!"

தெரு முழுதும் அண்ணாந்தது. ஒப்பாரி எழும் என்று அவன் காத்திருந்தான். அந்நேரம் பார்த்து, தரையில் எவருக்கும் கிட்டாத முதற்கதிர், அங்கே, அந்த உச்சியில், பலூன்மேல் பட்டது. கீழே தெரு இருட்டாகவே இருக்க, மேலே அது தகதகத்தது.

பிறகு கீழ்வீட்டுத் தையற்காரம்மா மெல்லக் கேட்டார்: "அந்த உயரத்துக்குக் கொசு வராதுல்ல?"

அவ்வளவுதான், அணை உடைந்தது. கொசு எங்கே வரும் என்றார் ஒருவர். தூசிக்கு அஞ்சியவர், அங்கே தூசி ஏறவே வழியில்லை என்று கண்டறிந்தார். தண்ணீருக்கு அழுதவர், அவர்கள் தனியாக ஆழ்குழாய் போடுவார்களாமே என்றார். பிறர் எட்டிப் பார்ப்பதை வெறுத்தவர், அங்கிருந்து பார்த்தால் ஊரே தெரியும் என்று வியந்தார். தலைவனின் தர்மபத்தினி, ஈரத்துணி வாளியை இடுப்பில் வைத்தவாறே, "அங்க கொடி கட்டினா அரை மணியில காஞ்சிடும்" என்று பெருமூச்சு விட்டாள்.

நன்றிகெட்ட தெருவே என்று தலைவன் பொங்கியிருக்கலாம். பொங்கவும் செய்தான், எதிரிக்கு ஒரு சன்னலளவு வானமும் விட்டுத்தர மாட்டோம் என்றொரு சூளுரையும் உரைத்தான். ஆனால் குரலில் சுரத்தில்லை. உண்மையைச் சொல்லிவிடுவோம்: அன்று முதலில் சரிந்த கோட்டை அவன்தான். தையற்காரம்மா வாய்திறக்கும் முன்பே, அந்தச் சிவப்பைப் பார்த்த மாத்திரத்திலேயே, இத்தனை வருஷத்தில் தன் மேசையில் ஒரு நாளும் இவ்வளவு சுத்தமான வெளிச்சம் விழுந்ததில்லையே என்று அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது. அங்கே ஒரு மேசை போட்டால், எந்த வங்கி மேலாளரும் எந்தப் படத்திலும் வாயை மூட வேண்டியிருக்காது. அந்த ஆசையை விழுங்கிக்கொண்டுதான் அவன் கோஷம் போட்டான். வெட்கமாகத்தான் இருந்தது.

இழுபட்டு இழுபட்டு இறுகிய முடிச்சுகளை அவிழ்க்க மாலைவரை எவராலும் இயலவில்லை. கயிறும் வீடு திரும்பவில்லை.

மறுநாள், டாக்டரிடம் அச்சு வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று மனைவியிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, தெருவோர் கண்ணில் படாதிருக்கப் பின்சந்து வழியாகப் பதுங்கிச் சென்று, பகைவனின் கண்ணாடி மாளிகையாகிய விற்பனை அலுவலகத்துள் எங்கள் தலைவன் நுழைந்தான். நுழைந்தவன் கல்லானான். சோபாக்களில் சங்கம் முழுதும் ஒருவர் குறையாமல் வீற்றிருந்தது. கைக்கொரு குளிர்பானம். எல்லோரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தனர். எதிரியை வேவு பார்க்க வந்ததாக மருந்துக்கடைக்காரர் விளக்கினார். நானும் அதற்குத்தான் என்றான் தலைவன். ஒரு மூலையில் மைத்துனன், பூமிபூஜை மேடைக்கு எத்தனை பலூன் வேண்டுமென்று அளவெடுத்துக்கொண்டிருந்தான்.

தலைவன் மேசையருகே சென்று, தொண்டையைச் செருமி, கிழக்குப் பக்கம், உயரமாக, சின்னதாக இருந்தாலும் போதும் என்றான். மேசைக்குப் பின்னிருந்த விற்பனைப் பெண் பணிவோடு புன்னகைத்தாள். மேல்வரிசைப் பற்கள் நன்றாக அமைந்திருந்தன என்பதை அந்நிலையிலும் அவன் கவனித்தான்.

"கிழக்குப் பக்கம் நேத்தே முடிஞ்சிருச்சு சார். உங்க தெருக்காரங்கதான் எடுத்தாங்க. பலூனைப் பாத்துட்டு நேரா இங்க வந்துட்டாங்க. வடக்கால மூணாவது மாடி ஒண்ணு இருக்கு. ஆனா அதுக்கு எதிர்ல அடுத்த டவர் வரும்."

கண்ணாடிப் பெட்டிக்குள் மாளிகையின் மாதிரி நின்றது. குட்டிக் கார்கள், குட்டி மனிதர்கள், குட்டி நாய்கள். தலைவன் குனிந்து, தன் வீட்டை, தன் சன்னலைத் தேடினான். அந்த இடத்தில் பஞ்சால் செய்த பச்சை மரங்கள் ஒட்டியிருந்தன. விண்ணளந்தவனும், காற்றை வென்றவனும், கொடிக்கயிறுகளின் கோமானும், தன் பகைவனுக்குத் தன் கையாலேயே விளம்பரக் கொடி பிடித்துக் கொடுத்தவனுமாகிய அம்மாவீரன் அந்தப் பஞ்சு மரங்களையே நெடுநேரம் பார்த்துநின்று, நீட்டிய குளிர்பானத்தை வேண்டாமென்று மறுத்து, முன்வாசல் வழியாகவே, எவரிடமிருந்தும் ஒளியாமல், தெருவில் இறங்கினான்.

பல்செட்காரர் போகிற வழியில் ஒரு எல்.இ.டி. பல்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.