பெரிய வியாழனும் அப்பாவின் ஷூவும்

நான் தனியாக இருப்பவன் என்பதை யாரிடமும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதை மறைக்கப்போய் ஒரு கோயிலையே சிரிக்க வைத்திருக்கிறேன்.

அம்மாவும் போன பிறகு ராயபுரத்து வீட்டில் நான் மட்டும்தான். தங்கை ஸ்டெல்லா மஸ்கட்டில். எப்போதாவது போன் செய்து ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று கேட்பாள். ராஜா மாதிரி இருக்கிறேன் என்பேன். (இரண்டு வேளை பன், ஒரு வேளை டீ.) அந்த வருஷம் பெரிய வியாழன் பூசையில், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல ஃபாதர் பாதம் கழுவ வேண்டிய பன்னிரண்டு பேரில் ஒருவருக்குக் காய்ச்சல். என்னைக் கூப்பிட்டார்கள். பூசை போனில் நேரலையாக வரும், ஸ்டெல்லா பார்ப்பாள். அண்ணன் நன்றாக இருக்கிறான் என்று அவள் நம்ப வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதற்காக, ஹார்பரில் வேலை பார்த்த அப்பாவின் தோல் ஷூவை எடுத்தேன். அடிப்பாகம் வாயைப் பிளந்திருந்தது. கட்டிலுக்கடியில் அவருடைய பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே காய்ந்து வெடித்த கறுப்புப் பாலிஷ், முடி கொட்டிய பிரஷ், குதிகாலுக்கு அடிக்கும் இரும்பு லாடம், ஜெல்லியாகிப்போன ஷூ ஒட்டும் சொல்யூஷன். சொல்யூஷனில் பைக் பெட்ரோலைக் கலந்து அடியிலும் உள்ளேயும் தாராளமாகப் பூசினேன். பாலிஷை மண்ணெண்ணெயில் கரைத்து ஷூவைக் குளிப்பாட்டினேன். ஒரு நாளாவது காய வேண்டும். நான் அரை மணி நேரத்தில் காலை விட்டேன்.

(கால் கழுவுகிற இடத்துக்கு எவனாவது ஷூ போட்டுப் போவானா? மற்ற பதினொரு பேரும் செருப்பில்தான் வந்திருந்தார்கள்.)

பிரசங்கம் முடிவதற்குள் சொல்யூஷன் காலோடு இறுகிவிட்டது. முட்டி போட்டிருந்த ஃபாதர் மெதுவாக இழுத்தார். அப்புறம் பலமாக இழுத்தார். சொம்புத் தண்ணீரோடு நின்ற உபதேசியார் குனிந்து, "இன்னா நைனா, கால தனியா கயட்டணுமா?" என்றார். ஷூவின் மேல்பாகம் ஃபாதர் கையோடு வந்தது. அடிப்பாகம் சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு என் காலிலேயே நின்றது. அதையும் சேர்த்து உரித்தபோது கணுக்கால் வரை கறுப்பு. ஊற்றிய தண்ணீரும் தாம்பாளத்தில் கறுப்பாகவே விழுந்தது. கழுவிய பாதத்தை முத்தமிட வேண்டிய ஃபாதர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, என் முட்டியில் முத்தமிட்டார்.

வெறுங்காலோடு வீடு வந்தேன். ஸ்டெல்லா கூப்பிட்டாள். பேசவே முடியாமல் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், "இத்த போட்டுக்காதன்னு சொல்றதுக்குக்கூட வூட்ல ஆளில்லியாண்ணா?" என்றாள்.

இப்போது பெரிய வியாழன்தோறும் கூப்பிடுகிறாள். பிள்ளைகளை உட்காரவைத்து, மாமாவின் ஷூ கதையைச் சொல்லச் சொல்கிறாள். முதல் வருஷம் ஃபாதர் இரண்டு தடவைதான் இழுத்தார். இப்போது ஏழு தடவை இழுக்கிறார், உபதேசியாரும் சேர்ந்துகொள்கிறார். கதை முடிந்தால் போனை வைத்துவிடுவார்கள்.